சிறு குழந்தைகளோடு ஏரிக்கும் அணைக்கும்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு நாள் பயணம் என்றாலே, பெரியவர்களின் ஆசைதான் முதலில் பட்டியலில் ஏறிக்கொள்கிறது. காலையில் ஒகேனக்கல், மதியம் மேட்டூர், மாலையில் வழியில் உள்ள ஒரு கோயில் என்று மூன்று இடங்கள் சேர்ந்துவிடும். மதியம் குழந்தை சோர்ந்து அழத் தொடங்கிய பிறகு, மீதமுள்ள இடங்களை யாரும் மனம் விட்டுப் பார்ப்பதில்லை. எனவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு நீர்நிலை, அதுவும் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் நீர்நிலை என்பதை இந்த வழிகாட்டியின் அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் இதைக் கடைப்பிடிப்பது கடினமே இல்லை. ஒரு பக்கம் தென்பெண்ணை, மறு பக்கம் காவிரி, இரண்டையும் நோக்கி ஓடும் சிற்றாறுகளின் குறுக்கே ஆங்காங்கே அணைகள், ஊருக்கு ஊர் ஏரிகள் என்று நீர் நம்மைச் சுற்றியே இருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தையோடு போகும் முதல் பயணத்துக்கு, கிருஷ்ணகிரியை ஒட்டி நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கும் அவதானப்பட்டி ஏரியைப் பரிந்துரைப்பேன். படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் அங்கே இருக்கின்றன. ஏதேனும் தேவைப்பட்டால் நகரம் அருகிலேயே இருக்கிறது. குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். குழந்தைக்குப் பயணம் ஒத்துவருகிறதா, நீரைக் கண்டால் அது பயப்படுகிறதா அல்லது பாய்ந்து ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட சிறிய இடமே ஏற்றது.

அடுத்தது, தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை. கே.ஆர்.பி. டேம் என்றால்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அதன் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையே இருப்பதால் இரண்டு மாவட்டத்தாருக்கும் எட்டும் தூரம்தான். நிழல் தரும் பெரிய மரங்களும் பூங்காவும் இருப்பதால், நடக்கத் தொடங்கிய குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் உட்கார்ந்து பொழுது போக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் தென்பெண்ணையில், நம் ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் கர்நாடகத்தில் பெய்த மழையால் வெள்ளம் வரும். நீர் திறக்கப்படும் நாட்களில் அணைக்கு முன்னால் உள்ள தரைப்பாலம் மூழ்கும். பூங்காவுக்குச் செல்லவும் தடை விதிக்கப்படும். கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால், அந்த வாரம் வேறு இடம் பார்ப்பதுதான் சரி.

பறவைகளில் ஆர்வமுள்ள குடும்பத்துக்குப் பாரூர் ஏரியைச் சொல்வேன். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் வந்து நிறையும் அந்தப் பெரிய ஏரியின் கரையில் அமைதியாக நின்று வெகு தூரம் பார்க்கலாம். ஆனால் அது பாசனத்துக்கான ஏரியே தவிர சுற்றுலாவுக்காக அமைத்த இடம் அல்ல. கழிப்பறை, கடை, தடுப்புச் சுவர் ஆகியவற்றை எதிர்பார்த்துப் போகாமல், தேவையானவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள வாணியாறு அணைக்கும், மாரண்டஅள்ளி பக்கம் உள்ள பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்கும் இதே குறிப்பு பொருந்தும். இரண்டும் கண்ணுக்கு அவ்வளவு அழகானவை. ஆனால் கைக்குழந்தையோடு போவதைவிட, சொன்னால் கேட்கும் வயது வந்த பிறகு போவது நல்லது.

ஓசூருக்கு அருகில் உள்ள கெலவரப்பள்ளி அணையைப் பலர் கேட்கிறார்கள். பெங்களூருப் பகுதியிலிருந்து கழிவுநீர் கலந்து வருவதால் அங்கே ஆற்றில் வெண்ணுரை பொங்குவதைச் செய்திகளில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நுரை குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் என்பதே என் கவலை. எட்ட நின்று பார்த்துவிட்டு வரலாம். நீரைத் தொட விடக் கூடாது.

ஒகேனக்கல் நம் மாவட்டத்தின் பெருமை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஏரி அல்ல, பாறைகளுக்கு இடையே சுழித்து ஓடும் காவிரி. நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பரிசலில் ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொங்கு பாலத்திலிருந்து அருவியைக் காட்டுங்கள், வனத்துறையின் முதலைப் பண்ணையைக் காட்டுங்கள். குழந்தைக்கு அதுவே நிறைவான நாள். சற்று வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி வரும் அதே தென்பெண்ணைதான் அங்கேயும் தேங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால், ஒரு ஆற்றின் வழியை அவர்களே பின்தொடர்வார்கள். ஏற்காடு, ஏலகிரி ஏரிகளும் நல்லவையே. ஆனால் ஏற்காட்டுக்குச் சேலம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரிக்கு 14. வண்டியில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ள குழந்தைக்கு அந்த மலைப்பாதையே நாளின் பாதியை எடுத்துக்கொள்ளும்.

மாதமும் கிழமையும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை, மாசி மாதங்களே இந்தப் பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. அப்போது ஏரிகளில் நீர் இருக்கும், வெயில் கடுமையாக இருக்காது, வலசை வரும் பறவைகளும் இருக்கும். சித்திரை, வைகாசியில் போக நேர்ந்தால் காலை பத்து மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் ஆகிய நாட்களில் நம் பக்கத்து அணைகளிலும் ஆற்றங்கரைகளிலும் கூட்டம் நெரியும். கைப்பிடியிலிருந்து நழுவும் வயதுள்ள குழந்தையோடு அந்த நாட்களில் போகவே வேண்டாம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்களை இழுத்துச் சென்றதை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏரி நிரம்பியதைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போவதும், நிரம்பிய ஏரியின் மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் வழியும் இடத்துக்குக் கீழே வண்டியை நிறுத்துவதும் கூடவே கூடாது.

முந்தைய நாள் மாலை

அணைக்குப் போவதாக இருந்தால் நீர் திறப்பு பற்றிய செய்தியைப் பார்த்துவிடுங்கள். டயர் காற்று, எரிபொருள், ஃபாஸ்டேக் இருப்பு ஆகியவற்றை அன்றே சரிபார்த்தால் காலையில் பதற்றம் இருக்காது. பையில் இரண்டு செட் மாற்றுடை, ஒரு பழைய வேட்டி, துண்டுகள், தொப்பி, வழுக்காத செருப்பு, வாந்திக்கான உறைகள், ஈரத்துணி, குழந்தைக்கு மருத்துவர் எழுதித்தந்த காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆகியவை இருக்கட்டும். பழைய வேட்டியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: விரிக்கவும், தூளி கட்டவும், தாய் பாலூட்டும்போது மறைப்பாகவும், ஈரமான குழந்தையைச் சுற்றவும் அது ஒன்றே போதும்.

குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். நம் மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒரு நாள் குடிப்பதால் பற்களுக்கோ எலும்புக்கோ கேடு வந்துவிடாது என்றாலும், பழக்கமில்லாத ஆழ்துளைக் கிணற்று நீரால் வயிற்றுக் கோளாறு வருவதைத் தவிர்க்கலாம்.

வண்டிக்குள்

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை விட்டுவிடுங்கள், முன் இருக்கையில் மடியில் வைத்திருக்கும் குழந்தையை, திடீரென்று பிரேக் அடிக்கும்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, காற்றுப்பை விரியும்போது அதன் முழு அடியும் குழந்தையின் மேல்தான் விழும். கைக்குழந்தையின் இருக்கை பின் வரிசையில், பின்னோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாட்டி, தாத்தா, அத்தை எல்லோரும் சேர்ந்து ஒரே காரில் ஏறுவது நம் வழக்கம்தான். ஆனால் பெரியவர்களுக்கு இடம் தருவதற்காகக் குழந்தையின் இருக்கையைக் கழற்றி வைக்க வேண்டாம். ஒருவர் பேருந்தில் வந்து சேரட்டும்.

இருசக்கர வாகனத்தில் போகும் குடும்பங்களே நம்மிடம் அதிகம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான தலைக்கவசமும் வேண்டும் என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் 2022-இல் விதி வகுக்கப்பட்டது. அந்த வேகத்தில் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போவது ஆபத்து என்பதால், வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவதே மேல்.

காலை ஆறு மணி வாக்கில் கிளம்பினால் குழந்தை தூக்கக் கலக்கத்திலேயே பாதித் தூரம் கடந்துவிடும். வயிறு முழுக்கப் பால் கொடுத்த உடனே வண்டியில் ஏற்றாமல் அரை மணி நேரம் விடுங்கள். வண்டி ஓடும்போது கைப்பேசியில் படம் காட்டினால் குமட்டல் கூடும். வெளியே தொலைவில் உள்ள மலையைக் காட்டிக் கதை சொல்லுங்கள். சையத் பாஷா மலையும் ராயக்கோட்டை மலையும் கதைக்குப் பஞ்சம் வைக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துக் கை கால் நீட்ட விடுங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் அல்ல, பெட்ரோல் பங்க் போன்ற விசாலமான இடத்தில். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குவதாக இருந்தால், தொப்பூர் கணவாயில் லாரிகளை முந்தும் எண்ணமே வேண்டாம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் கனரக வாகனங்களால் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு, தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் வண்டிக்குள்ளேயே விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை.

கரையில் இறங்கியதும்

இந்தப் பகுதியைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். வந்து சேர்ந்த உடனே, குழந்தை வண்டியில் இருக்கும்போதே, ஒருவர் மட்டும் இறங்கிக் கரையை ஒரு சுற்றுப் பார்த்து வர வேண்டும். மதகு எங்கே, கலங்கல் எங்கே, படித்துறை பாசி பிடித்து வழுக்குகிறதா, அருகில் உள்ள மரங்களில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, நாய்கள் திரிகின்றனவா என்று பார்த்த பிறகே உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள். அந்த இடம் நீரிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, நிழலில் இருக்கட்டும்.

ஏரி நீர் பார்வைக்கு ஒரே சீராகத் தெரியும். அடியில் அப்படி இருப்பதில்லை. வண்டல் மண் எடுப்பதற்காகத் தோண்டிய குழிகள் நீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. கணுக்கால் அளவு நீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் விழுவது இதனால்தான். சேற்றில் கால் புதைந்தால் பெரியவர்களாலேயே எளிதில் எடுக்க முடியாது. மதகு திறந்திருக்கும்போது அதன் அருகில் நீர் உள்ளிழுக்கும். ஆகவே நம் ஏரிகளிலும் அணைகளிலும் சிறு குழந்தைகளை நீரில் இறக்கவே கூடாது. குழந்தை நீரில் அளைய ஆசைப்பட்டால், கரையில் ஒரு அகலமான பேசினில் நீர் ஊற்றிக் கொடுங்கள். அதிலும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டி அழைப்பதும் இல்லை. ஓசையின்றி ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில், ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போதுதான் குழந்தை காணாமல் போகிறது. இதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பெரியவர், பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்டவர், கைப்பேசி இல்லாமல், குழந்தையைக் கையால் தொடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை, ‘மாமா, இனி நீங்கள் பாருங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகே முதலாமவர் எழ வேண்டும்.

படகில் ஏறுவதாக இருந்தால், குழந்தையின் எடைக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் மேலே வந்து குழந்தை கீழே நழுவினால் அது பெரியவர்களுடையது. அளவானது இல்லை என்றால் படகு வேண்டாம். காசு கட்டியாகிவிட்டது என்பது ஏறுவதற்கு ஒரு காரணமே அல்ல.

குழந்தைகள் என்ன செய்யலாம்

நீரில் இறங்கவில்லை என்றால் குழந்தைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ஒரு காலைப்பொழுது அமைதியாகக் கரையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். நீர்க்காகம் மூழ்கி எழுந்து, பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்து உலர்த்தும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோர் இடத்தில் தலை காட்டும். அடுத்து எங்கே எழும் என்று ஊகிக்கும் விளையாட்டில் மூன்று வயதுக் குழந்தை வெகு நேரம் ஒன்றிவிடும். நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட நாமக்கோழி, இலைகளின் மேல் நீண்ட விரல்களால் நடக்கும் இலைக்கோழி, நீரின் மேல் அந்தரத்தில் நின்று குத்தீட்டிபோல் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, மனிதர் அருகே வந்ததும் கத்தி ஊரைக் கூட்டும் ஆட்காட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். ஆட்காட்டி தரையில்தான் முட்டையிடும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரையிலேயே நிற்கும் பனைமரத்தின் அடியில் தூக்கணாங்குருவிக் கூடு விழுந்து கிடந்தால், அதைக் கையில் கொடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈர மண்ணில் கொக்கின் கால் தடம், ஆட்டின் குளம்புத் தடம், தங்களுடைய பாதத் தடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. மீன்பிடிப்பவர்கள் வலை இழுத்துக் கரை சேரும் நேரம் என்றால், அவர்களிடம் ‘அண்ணா, குழந்தைக்குக் காட்டலாமா?’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் போங்கள். கெண்டை எது, கெளுத்தி எது, விரால் எது என்று அவர்களே பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

உணவு

காலைக்கு மிளகாய்ப்பொடி குறைத்து நல்லெண்ணெய் தடவிய இட்லி போதும்; அது பயணத்தில் கெடாது, கையிலும் ஒட்டாது. மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால், பாலை மிகுதியாக ஊற்றித் தயிரைக் குறைவாகச் சேர்த்துப் பிசைந்தால் உண்ணும் நேரத்துக்குள் புளிக்காது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. வேர்க்கடலை நம் மண்ணின் உணவுதான். ஆனால் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலையும், திராட்சையை நறுக்காமல் முழுதாகவும் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். அதுவும் ஓடும் வண்டியில் எதையும் தின்னக் கொடுக்க வேண்டாம். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போய்விட்டு மீன் வறுவல் சாப்பிடாமல் வர முடியாது என்பது உண்மையே. கண்ணெதிரே புதிதாகப் பொரிப்பதை வாங்கி, மேல் மசாலாவை நீக்கி, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்த பிறகே குழந்தையின் வாயில் வையுங்கள். மாம்பழக் காலத்தில் காவேரிப்பட்டணம் வழியாக வந்தால் செந்தூராவோ அல்போன்சாவோ வாங்கலாம். வீட்டில் கழுவி, நீரில் ஊறவைத்த பிறகு கொடுங்கள்.

உண்ட இலை, உறை, டயப்பர் அனைத்தையும் ஒரு பையில் கட்டி வண்டியிலேயே எடுத்து வாருங்கள். பாசன ஏரியில் போடும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் மதகில் அடைத்துக்கொண்டு யாரோ ஒரு விவசாயியின் வயலுக்குப் போகும் நீரைத் தடுக்கிறது.

ஏதேனும் நேர்ந்தால்

ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலோ விபத்தானாலோ 1033. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நீங்கள் போகும் இடத்திலிருந்து எது அருகில் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள்.

நீரில் விழுந்து எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால், தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. அவை நேரத்தைத்தான் வீணாக்கும். சமதரையில் கிடத்தி, வாயில் எதுவும் அடைத்திருந்தால் எடுத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு மார்பின் நடுவில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்று, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. வீட்டில் ஒருவராவது நேரில் பயிற்சி பெற்றிருப்பது நல்லது.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றுப்போக்கோ தொடர் வாந்தியோ இருந்தால், ஒரு லிட்டருக்கான பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து தீங்காகிவிடும்.

திரும்புதல்

குழந்தையின் மதியத் தூக்கத்தையே திரும்பும் நேரமாக வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நிம்மதி. பென்னாகரம் முதல் ஒகேனக்கல் வரையிலான காட்டுச் சாலை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கச் சாலைகள், பஞ்சப்பள்ளி சுற்றுப்புறம் ஆகியவற்றில் பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் யானைக் கூட்டங்களின் நடமாட்டம் மிகுதி. சாலையில் யானை நின்றால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள்; ஹாரன் அடிக்கவும், விளக்கை அணைத்து அணைத்துப் போடவும், படம் எடுக்க இறங்கவும் வேண்டாம். அது கடந்து போகும்வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளிப்பாட்டும்போதே, காது மடலின் பின்னும் அக்குளிலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணியோ தடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். தவறி நீரில் விழுந்து, சிறிது நீரைக் குடித்துவிட்ட குழந்தையாக இருந்தால், அடுத்த 24 மணி நேரம் கவனம் தேவை. விடாத இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.